ஐஸ் அக்கா கண்டதும் காணாததும்

ஐஸ் அக்காவிடம் கதை கேட்டால் முடிவு கிடைக்காது. பாதியில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக் குடிப்பார். பிறகு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டால், "நான் காணேல்லை" என்பார். அவ்வளவுதான். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் யாருக்கும் அந்தப் பெயர் தேவைப்படவும் இல்லை. ஐஸ் அக்கா என்றால் லிஃப்டில் வரும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வட துருவத்துக்குக் கிட்ட, மரமே முளைக்காத ஒரு தீவில் சுரங்கம் ஒன்று இருந்தது. அந்தச் சுரங்கத்துக் குசினியில் அக்காவுக்குச் சமையல் வேலை. சில கிழமைகள் அங்கே, சில கிழமைகள் இங்கே. இங்கே இருக்கும்போது எங்கள் மாடியில், தன் புருசனின் தமையன் வீட்டில் ஓர் அறையில் இருப்பார். அந்தத் தமையனை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். கோபம் வந்தால் மட்டும் மூக்கு நுனி சிவக்கும்.

ஓகஸ்ட் மாதத்து வெயிலில், ஊரே வேர்த்து ஒழுகுகிற நேரத்தில், முழங்கால் வரைக்கும் வருகிற பனிக்கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அக்கா விமான நிலையத்துக்குப் புறப்படுவார். கீழே வாசலில் நிற்கிற எங்கள் சனத்துக்கு அது போதும். "ஆம்பிளையளே போகப் பயப்பிடுற இடத்துக்கு ஒரு பொம்பிளை தனியப் போறாள் எண்டால்..." என்று இழுப்பார்கள். அதற்கு மேல் சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள். எனக்கு விசர் வரும். அக்கா அதைக் கேட்டாரா, கேட்கவில்லையா என்பதும் முகத்தில் தெரியாது. அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது.

பெரும்பாலும் என் கணவர்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவார், ஏற்றிவருவார். திரும்பி வரும் நாளில் நேரே எங்கள் குசினிக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக் கதவைத் திறப்பார். என் கணவர் ஊர்காவற்றுறைக்காரர், கடலோடு வளர்ந்தவர். கடல் உறையும் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

"எப்பிடி அக்கா கடல் உறையும்? உப்புத் தண்ணியெல்லே?"

"முதல்ல எண்ணெய் படிஞ்ச மாதிரி இருக்கும். அலை வரும், ஆனால் சத்தம் வராது. பிறகு வட்டம் வட்டமா வரும். அப்பத்துக்கு ஓரம் மடிஞ்சு நிக்குமெல்லே, அப்பிடி. ஒண்டோட ஒண்டு இடிபட்டு இடிபட்டு ஓரம் எழும்பும். பிறகு ஒருநாள் எழும்பிப் பாத்தால் அசைவில்லை."

"அப்ப கீழ மீனெல்லாம்?"

"நான் ஐசுக்குக் கீழ பாக்கேல்லை."

என் கணவர் விடுவாரா? "குடிக்கிற தண்ணிக்கு என்ன செய்யிறனீங்கள்?" என்று அடுத்ததைத் தொடங்குவார். குழாய்த் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பழைய ஐஸ் என்று ஒன்று உண்டு என்றார் அக்கா. பல வருசம் உருகாமல் கிடந்தது. கரையில் வந்து ஏறி நிற்கும், நீலமாக இருக்கும். ஒருமுறை அதில் ஒரு துண்டு உடைத்து உருக்கித் தேத்தண்ணி வைத்தார்களாம். உப்பே இல்லையாம்.

"உப்பு எங்க போனது?"

"உப்புப் போனதை நான் காணேல்லை, தம்பி. குடிச்சுப் பாத்தனான். உப்பில்லை."

என் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பகிடிக்குச் சொன்னதில்லை அது.

நானும் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். பனிக்கரடி வேட்டையாடும்போது தன் கறுத்த மூக்கைக் கையால் பொத்திக்கொள்ளுமாம், அப்போதுதான் சீல் என்கிற கடல்நாய்க்குத் தெரியாதாம் என்று தொலைக்காட்சியில் யாரோ சொன்னதைப் பெரிய எடுப்பில் அக்காவுக்குச் சொன்னேன்.

"சொன்ன ஆள் கண்டிருப்பார்" என்றார். "நான் கண்ட கரடி பொத்தேல்லை. ஐசில சீல் மூச்சு விடுற ஓட்டை ஒண்டு இருந்தது. அதுக்குப் பக்கத்தில படுத்துக் கிடந்தது. குசினி யன்னலாலை தெரியும். நான் ஒரு பெரிய சட்டி உருளைக்கிழங்கு சீவி முடிக்கிற மட்டும் அது அசையேல்லை."

"பிறகு? சீலைப் பிடிச்சுதோ?"

"கிழங்கு அவிய வைக்க அடுப்படிக்குப் போயிட்டன். காணேல்லை."

ஐயோ கடவுளே! உலகத்தில் யாருக்குக் கிடைக்கும் அந்த யன்னல்? இவர் கிழங்கு அவியப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனம் ஆறவில்லை. அந்தக் கரடிக்கு ஏதாவது கிடைத்ததா என்று இரவு சமைக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் பகிடி. பகிடியில்லாத ஒன்றும் நடந்தது.

ஒரு பெப்ரவரியில் பனி கொட்டிப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிவிட்டார்கள். எங்கள் மாடிப் பிள்ளைகள் அத்தனையும் எங்கள் வீட்டில். அக்காவும் வந்திருந்தார். கரடிக் கதை சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். அக்கா சொன்னார். வெயில் காலம். கடல் ஐஸ் வெடித்துத் துண்டு துண்டாகப் பிரிந்து போகிறது. ஒரு தாய்க் கரடியும் குட்டியும் ஒரு துண்டில் நிற்கின்றன. தாய் தண்ணீருக்குள் இறங்கி நீந்தி அடுத்த துண்டில் ஏறித் திரும்பிப் பார்க்கிறது. குட்டி இறங்கவில்லை. விளிம்புக்கு வருகிறது, பின்னுக்குப் போகிறது, திரும்ப விளிம்புக்கு வருகிறது. இரண்டு துண்டுக்கும் இடையில் தண்ணீர் அகன்றுகொண்டே போகிறது. தாய் கூப்பிடுகிறது. அந்தச் சத்தம் மாடு இருமுகிற மாதிரி இருக்குமாம்.

பிள்ளைகள் அக்காவுக்கு இன்னும் கிட்ட நகர்ந்தார்கள். நானும்தான்.

"பிறகு பனிப்புகார் மூடிட்டுது, ஒண்டும் தெரியேல்லை" என்றார் அக்கா.

"தென் வட் ஹாப்பிண்ட், அன்ரி? மம்மி திரும்பி வந்திச்சா?" என்று என் மகள் கேட்டாள்.

"நான் காணேல்லை, பிள்ளை."

"டிட் த பேபி டை?"

"அதும் காணேல்லை."

என் மகள் அழத் தொடங்கினாள். ஒன்று அழுதால் மற்றவை விடுமா? வீடு முழுக்க ஒப்பாரி. நான் அக்காவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா, தாய் திரும்பி நீந்தி வந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். என்ன குறைஞ்சுபோடும்?"

"காணாததை எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார். பிடிவாதமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வழி தெரியாத ஆள் கேட்பதுபோலக் கேட்டார். நானே போய், கரடி வந்தது, குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது என்று வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளை அடக்கினேன். அன்றைக்கு அவர்மேல் எனக்குச் சரியான கோபம். இது என்ன மனுசி, நெஞ்சுக்குள்ளேயும் ஐஸ்தானோ என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அதைக் கேட்டுவிட்டோ என்னவோ, கொஞ்ச நாள் கழித்து, அக்கா தீவில் இருந்த நேரம், அண்ணை எங்கள் இருவருக்கும் அக்காவின் கதையைச் சொன்னார்.

தொண்ணூறாம் ஆண்டு. அண்ணையின் தம்பியும் அக்காவும் மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் மறித்து ஆம்பிளைகளை இறக்கினார்கள். மறித்தது யார் என்று இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தக் காலத்தில் மறிப்பதற்குப் பலர் இருந்தார்கள். பூட்டியிருந்த கடையொன்றின் சுவரோடு இறக்கினவர்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். பொம்பிளைகளோடு பஸ்ஸை எடு என்று சாரதிக்குச் சொன்னார்கள். பஸ் எடுபட்டது. அக்கா பின் யன்னலால் பார்த்துக்கொண்டே போனார். வளைவில் பஸ் திரும்பியது. அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு முகாம் விடாமல், ஓர் அரசாங்கக் கந்தோர் விடாமல் தேடினார்கள். ஒன்றுமில்லை.

"இண்டைக்கும் கேளுங்கோ, 'பஸ் திரும்பிற மட்டும் கண்டனான், நிண்டவர்' எண்டுதான் சொல்லுவா" என்றார் அண்ணை. "நிண்டவர். அதுக்கு மிஞ்சி ஒரு சொல்லு இல்லை. எனக்கு அவவோட கதைக்கவே பயமாக்கிடக்கு."

அதற்குப் பிறகு நான் அக்காவிடம் முடிவு கேட்பதை விட்டுவிட்டேன். கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. மரத்துப்போன மாதிரித்தான் இருந்தது. அந்த நாட்களில் எங்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. கேட்டோம், சோறு போட்டோம், வேலைக்குப் போனோம்.

ஆனால் தீவைப் பற்றிக் கேட்பதை விடவில்லை. கேட்டால் அவர் சொல்லுவார், சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகும். பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டேன், அங்கே என்னதான் இருக்கிறது என்று.

"கல்லுத்தான். மண்ணிறமாக் கல்லு. கடல் பழைய காலத்தில பின்வாங்கினது எண்டு சொல்லுகினம், அதால கரை படிப்படியா ஏறிப் போகும். வெயில் வந்தால் கல்லுக்கு இடையில மஞ்சள் பூ வரும், விரலளவு உயரம். மரம் எண்டு ஒண்டு இருக்கு, அது நிலத்தில படுத்துக் கிடக்கும், மிதிச்சாலும் தெரியாது. முயல் இருக்கு. வெள்ளை. இருபது முப்பது ஒண்டா வரும், பின்னங்காலில எழும்பி நிண்டு எங்களைப் பாக்கும். பிறகு அப்பிடியே இரண்டு காலில ஓடும்."

"இரண்டு காலிலயோ? சும்மா போங்கோ அக்கா."

"நான் கண்டனான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவரிடம் எவ்வளவு மதிப்பு என்று எனக்கு அப்போது தெரியும்.

கம்பளி போர்த்த மாதிரி மயிர் தொங்குகிற எருதுகள் உண்டாம். ஓநாய் வந்தால் கன்றுகளை நடுவில் விட்டுச் சுற்றி வட்டமாக நிற்குமாம். ஓடாதாம். குளிர்காலத்தில் சூரியன் வரவே வராதாம். கோடையில் போகவே போகாதாம்.

"தனிமையாயிருக்காதோ?"

"அங்க ஒரு மறைப்பும் இல்லை" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. "மரமில்லை, வீடில்லை, வளைவில்லை. ஒரு நரி வந்தாலும் கன தூரத்திலேயே தெரியும். ஆர் வந்தாலும் தெரியும். ஆர் போனாலும், கடைசி வரைக்கும் நிண்டு பாக்கலாம்."

என் கையில் இருந்த ஈரத் துணியைக் கொடியில் போட மறந்து நின்றேன். ஏன் இந்த மனுசி அவ்வளவு தூரம் போகிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வாசலில் நின்று சிரிக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அளவில் அண்ணைக்கு மடுவிலிருந்து செய்தி வந்தது. மாதா கோயில் அகதி முகாமில் இருந்த அவருடைய அம்மா படுக்கையில். இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாராம்: காணாமல்போன மகனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். தன் பிள்ளையின் ஆன்மாவுக்கு ஒரு செபம்கூட இல்லாமல் தான் கண்ணை மூடமாட்டேன் என்கிறாராம்.

அக்கா தீவுக்குப் புறப்படுகிற அன்று கீழே வாசலில் வைத்து அண்ணை கேட்டார். நானும் கணவரும் பக்கத்தில் நின்றோம்.

"ஒரு பூசைதானே. அம்மாவுக்காக."

"செத்த ஆக்களுக்குத்தான் அந்தப் பூசை, அத்தான்."

"உயிரோட இருந்தால் இத்தனை வருசத்துக்கு ஒரு சொல்லு வந்திருக்காதோ?"

"தெரியாது."

அண்ணையின் மூக்கு நுனி சிவந்தது. "அப்ப நீர் என்னதான் சொல்லுறீர்?"

"ஆர் கண்டது எண்டு கேக்கிறன். கண்ட ஆள் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் வெள்ளைச் சீலை கட்டுறன்." சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

பூசை நடந்தால் அக்காவின் புருசன் செத்தவர். நடக்காவிட்டால் ஒரு தாய் நிம்மதியில்லாமல் சாகவேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் விளங்கியது. அதுதான் பெரிய கரைச்சல்.

அண்ணை பொறுக்கவில்லை. அக்கா தீவில் இருக்கும்போதே தமிழ் வானொலியில் தம்பியின் பெயரும் ஊரும் சொல்லி மரண அறிவித்தல் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. அக்கா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் சனத்துக்கு அறிவித்தல் கேட்டால் போதும். தெரிந்தவர், தெரியாதவர், ஊர்ப் பெயரைக் கேட்டு வந்தவர் என்று வீடு நிறைந்துவிட்டது. கதவு தொடங்கி லிஃப்ட் வரைக்கும் சப்பாத்துகள்.

வரவேற்பறையில் மேசையின் மேல் படம். கலியாணப் படத்தில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்துப் பெருப்பித்திருந்தார்கள். ஓரத்தில் பொம்பிளையின் தோளும் சீலைக் கரையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. படத்துக்கு முன்னால் மின்சார மெழுகுதிரி. உண்மையான திரி கொளுத்தினால் புகை மணி அடித்துக் கட்டிடமே இறங்கி ஓடவேண்டிவரும் என்று அண்ணையின் மனைவி, எங்கள் அண்ணி, பயந்தார்.

நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ஐஸ் அக்கா.

தீவில் புயல் வரப்போகிறதென்று ஆட்களை முன்கூட்டியே மாற்றிவிட்டார்களாம். எங்களைக் கூப்பிட நேரமில்லாமல் டாக்சி பிடித்து வந்திருந்தார். பனிக்கோட்டும் சப்பாத்துமாக அப்படியே உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றார். சப்பாத்திலிருந்து பனி உருகிக் கம்பளத்தில் ஊறியது.

"ஆர் கண்டது?" என்றார்.

சத்தமாகக் கேட்கவில்லை. அண்ணை எழுந்து வந்தார். "பிள்ளை, அம்மாவுக்காகத்தான்..."

"நீங்கள் கண்டனீங்களோ, அத்தான்?"

"இல்லை."

அண்ணியைக் கேட்டார். இல்லை. சுவரோடு இருந்த பெரியவர்களை, குந்தியிருந்த பொம்பிளைகளை, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார்கள். என் முன்னால் வந்தார். "நீர் கண்டனீரோ?"

"இல்லை, அக்கா" என்றேன்.

கதவோரக் கதிரையில் ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், அந்த வருசம்தான் கனடாவுக்கு வந்தவர், எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. வானொலியில் பெயரும் ஊரும் கேட்டு வந்தேன் என்று சொல்லி அண்ணையின் கையைப் பிடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தவர். நான் இரண்டு தரம் தட்டை நீட்டியும் சோறு வாங்கவில்லை. அக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

"நீங்கள்?"

அவர் கதிரையின் விளிம்பைப் பிடித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"நான் கண்டனான், தங்கச்சி."

பின்னால் யாரோ ஒரு பொம்பிளை வாயைப் பொத்தினார்.

"சொல்லுங்கோ" என்றார் அக்கா.

"ஒரு கட்டிடத்தில பூட்டி வைச்சிருந்தவை. அவரும் நானும் ஒரே அறையில. காய்ச்சல் கண்டது. மருந்து கேட்டம், தரேல்லை. ஒருநாள் விடிய எழும்பேல்லை. எங்களைக் கொண்டுதான் தூக்குவிச்சவை. நான் கால்மாட்டில பிடிச்சனான்."

"முகத்தைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். கண்ணை நான்தான் மூடிவிட்டனான்."

"எங்க கொண்டுபோய்த் தாட்டது?"

"வெளி வாசல் வரைக்கும்தான் தூக்கினனாங்கள். அங்கால கொண்டுபோக விடேல்லை." அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அங்கால நான் காணேல்லை, தங்கச்சி."

அக்கா தலையை ஆட்டினார். அவர் சொன்னதை முழுக்க நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அழுதது அண்ணைதான். மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். "நான் அம்மாவுக்காகத்தான் செய்தனான்... அவன் வருவான் எண்டுதான் நான் உள்ளுக்க நினைச்சுக்கொண்டிருந்தனான்... கடவுளே, அவன் வருவான் எண்டு..." என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அறிவித்தல் கொடுத்த மனிதர், பூசை வைத்த மனிதர். வீட்டில் இருந்த அத்தனை பேரிலும் தம்பி செத்துப்போனான் என்று அதுவரை நம்பாதவர் அவர்தான் போலிருந்தது.

அக்கா கோட்டைக் கழற்றினார். கழற்றி, மடித்து, கதிரையில் வைத்தார். மின்சார மெழுகுதிரியைப் பார்த்தார். அதன் வயரைப் பிடுங்கினார்.

"மெழுகுதிரி ஒண்டு தாங்கோ."

அண்ணி தேடினார். இல்லை. நான் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். குசினி லாச்சி முழுக்கக் கிளறினேன். கேக்கில் குத்துகிற பிறந்தநாள் திரி ஒன்றுதான் இருந்தது, ரோசா நிறம், முறுக்கினது, சின்னவிரல் நீளம்கூட இல்லை. கொடுக்க வெட்கமாக இருந்தது. கொடுத்தேன். அக்கா வாங்கினார்.

குத்தி வைக்க ஒன்றும் இல்லை. கையில் பிடித்தபடி கொளுத்தினார். படத்துக்கு முன்னால் நின்றார். எல்லோரும் எழுந்து நின்றோம். அந்தத் திரி எவ்வளவு நேரம் எரியும்? ஒரு பரமண்டலச் செபம் சொல்லி முடிப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. சுடர் விரலுக்குக் கிட்ட வந்தது.

"அக்கா, கை சுடும். விடுங்கோ" என்றேன்.

"ஓம், சுடுது" என்றார்.

விடவில்லை. அண்ணை கிட்ட வந்து, மெழுகு நிலத்தில் சிந்தாமல் தன் உள்ளங்கையை அவர் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.